சிறுநீரகம் கெடும்வரை காத்திருக்கும் கொள்கை

2016-17ஆம் ஆண்டுக்கான நிதிநிலை அறிக்கையை நாடாளுமன்றத்தில் முன்வைத்தபோது, அன்றைய ஒன்றிய நிதியமைச்சர் அருண் ஜேட்லி சிறுநீரக நோய் குறித்துச் சில கணக்குகளைக் கூறினார். இந்தியாவில் ஆண்டுதோறும் சுமார் 2.2 லட்சம் பேர் புதிதாகச் சிறுநீரகம் முற்றாகச் செயலிழந்த நிலையை அடைகின்றனர். அவர்களுக்காக 3.4 கோடி டயாலிசிஸ் அமர்வுகள் கூடுதலாகத் தேவைப்படுகின்றன. நாட்டில் உள்ள சுமார் 4,950 மையங்களில் பெரும்பாலானவை தனியார் வசம், முக்கிய நகரங்களில் குவிந்துள்ளன. தேவையில் பாதியே நிறைவேறுகிறது. ஓர் அமர்வுக்கு ஏறத்தாழ 2,000 ரூபாய் வீதம், ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய்க்கும் மேல் செலவாகிறது. இந்தக் கணக்குகளை ஒட்டியே, மாவட்ட மருத்துவமனைகளில் டயாலிசிஸ் வழங்கும் பிரதம மந்திரியின் தேசிய டயாலிசிஸ் திட்டம் அறிவிக்கப்பட்டது.

அந்தக் கணக்குகள் ஒரு கேள்வியைத் தொடவில்லை. ஆண்டுதோறும் இந்த 2.2 லட்சம் பேர் எங்கிருந்து வருகிறார்கள்? டயாலிசிஸ் படுக்கைக்கு வந்து சேர்வதற்கு முந்தைய பத்து, பதினைந்து ஆண்டுகளில் அவர்கள் எங்கே இருந்தார்கள்? அந்தக் காலத்தில் அரசின் சுகாதார அமைப்பு அவர்களுக்கு என்ன செய்தது? உழைத்து ஓய்ந்த முதியவர்களின் சிறுநீரக நோயைப் பற்றிய எந்த விவாதமும் இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டும்.

மௌனமாகக் கழியும் ஆண்டுகள்

சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 60 மில்லிலிட்டருக்குக் கீழே இறங்கி, அல்லது சிறுநீரில் அல்புமின் எனும் புரதம் வெளியேறுவது போன்ற சேதத்தின் அறிகுறி காணப்பட்டு, அது மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவம் அதனை நாள்பட்ட சிறுநீரக நோய் என்கிறது. இந்நோய்க்கு ஐந்து கட்டங்கள் உண்டு. முதல் மூன்று கட்டங்களில் பெரும்பாலோருக்கு வலியும் இல்லை, வீக்கமும் இல்லை. கால் வீங்கி, மூச்சு முட்டி, உணவு வெறுத்து ஒருவர் மருத்துவமனைக்கு வரும்போது பல நேரங்களில் நான்காம் கட்டமும் கடந்துவிடுகிறது.

நீரிழிவும் உயர் ரத்த அழுத்தமுமே இந்நோய்க்கான முதன்மைக் காரணங்கள். இரண்டும் கண்டுபிடிக்க எளியவை, மலிவான மாத்திரைகளால் கட்டுக்குள் வைக்கத் தக்கவை. முதியவர்களிடம் வேறு காரணங்களும் சேர்கின்றன. வயதான ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி பெருத்துச் சிறுநீர்ப் பாதையை அடைக்கிறது. ஒரு ஸ்கேன் பரிசோதனையில் தெரியக்கூடிய, சரிசெய்யக்கூடிய காரணம் இது. ஆயுள் முழுவதும் சுமை தூக்கிய முழங்காலும் இடுப்பும் வலிக்கும்போது, மருந்துக்கடையில் சீட்டின்றிக் கிடைக்கும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளே பலருக்கு ஒரே வைத்தியம். ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளோடும், உடலில் நீர் வற்றிய நிலையோடும் அவை சேரும்போது சிறுநீரகம் விரைந்து சிதைகிறது. கூலி வேலைக்குப் போயாக வேண்டிய அறுபத்தைந்து வயதுத் தொழிலாளி வலி மாத்திரையை விழுங்குவதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. ஓய்வூதியம் இல்லாத முதுமையின் விலை அது.

இதில் பரிசோதனையின் சிக்கலும் உண்டு. ரத்தத்தில் அளக்கப்படும் கிரியாட்டினின் தசையிலிருந்து உருவாவது. சத்துக் குறைந்து தசை வற்றிய முதியவரிடம் அதன் அளவு ‘இயல்பு’ என்றே அறிக்கையில் வரக்கூடும். உண்மையில் சிறுநீரகத்தின் திறன் பாதியாகக் குறைந்திருக்கலாம். வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு வடிகட்டும் திறனைக் குறிப்பிட வேண்டும். சிறுநீரில் அல்புமினையும் பார்க்க வேண்டும். இதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. ஆய்வகப் பணியாளர் பணியிடம் நிரப்பப்பட்ட ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் போதும்.

மறுபக்கத்தையும் கவனிக்க வேண்டும். வயது ஏற ஏறச் சிறுநீரகத்தின் திறன் சற்றுக் குறைவது இயல்பு. எழுபத்தைந்து வயதில் அளவு சற்றே இறங்கிய ஒருவருக்கு, அல்புமின் வெளியேற்றமும் இல்லாதபோது, ஆயுள் முழுதும் சிறுநீரகத்தால் துன்பம் வராமலே போகலாம். அத்தகையவரை அச்சுறுத்திப் பரிசோதனைத் தொகுப்புகளை விற்பது தனியார் மருத்துவமனைகளுக்கு வணிகம். ஆபத்தில் இருப்பவரையும் ஆபத்தில் இல்லாதவரையும் பிரித்தறிந்து, பின்னவரைத் தேவையற்ற செலவிலிருந்து காப்பதற்கும், லாப நோக்கற்ற பொது மருத்துவமே தேவை.

உத்தானம் எழுப்பும் கேள்வி

ஆந்திரப் பிரதேசத்தின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில், வங்கக் கடலோரம், தென்னையும் முந்திரியும் செழித்த பகுதி உத்தானம். தோட்டம் என்று பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. கவிட்டி, சோம்பேட்டா, கஞ்சிலி, இச்சாபுரம், பலாசா, மந்தசா, வஜ்ரபுகொத்தூரு ஆகிய மண்டலங்களின் கிராமங்களில் 1990களிலிருந்தே மருத்துவர்கள் வழக்கத்துக்கு மாறான ஒன்றைக் கவனித்து வந்தனர். நீரிழிவோ நீண்டகால ரத்த அழுத்தமோ இல்லாத விவசாயிகளும் விவசாயத் தொழிலாளர்களும் அடுத்தடுத்துச் சிறுநீரகம் செயலிழந்து மாண்டனர். காரணம் அறியப்படாத நாள்பட்ட சிறுநீரக நோய் என்று மருத்துவ உலகம் இதற்குப் பெயரிட்டது.

உத்தானம் தனித்த ஒன்றல்ல. நிகராகுவா, எல் சால்வடார் நாடுகளின் கரும்பு வெட்டும் தொழிலாளர்களிடமும், இலங்கையின் அனுராதபுரம், பொலன்னறுவை மாவட்ட நெல் விவசாயிகளிடமும், சத்தீஸ்கரின் கரியாபந்து மாவட்டத்துச் சுபேபேடா கிராமத்திலும் இதே போன்ற நோய் வாட்டுகிறது. கடும் வெப்பத்தில் நீரின்றி உழைப்பது, நிலத்தடி நீரில் உள்ள தாதுக்கள், பூச்சிக்கொல்லிகள், வலி மாத்திரைகள் எனப் பல காரணங்கள் ஆராயப்படுகின்றன. இறுதி முடிவு இன்னும் எட்டப்படவில்லை. இந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வோர் ஊரிலும் ஒன்று மட்டும் பொதுவாக உள்ளது: பாதிக்கப்பட்டவர்கள் வெயிலில் உடலுழைப்பால் வாழ்பவர்கள்.

‘காரணம் தெரியவில்லை’ என்ற சொற்றொடர் ஆய்வாளருக்கு நேர்மையான முடிவு. ஆட்சியாளருக்கோ அது வசதியான சாக்கு. 1854இல் லண்டனில் காலரா பரவியபோது அதன் கிருமியை உலகம் ஏற்றறியவில்லை. ஆயினும் மருத்துவர் ஜான் ஸ்னோவின் ஆய்வை ஏற்றுக் குறிப்பிட்ட அடிகுழாயின் கைப்பிடி அகற்றப்பட்டது. எல் சால்வடாரிலும் நிகராகுவாவிலும் கரும்புத் தோட்டங்களில் தண்ணீர், ஓய்வு, நிழல் என்ற மூன்றையும் உறுதிசெய்யும் திட்டம் செயற்படுத்தப்பட்டபோது சிறுநீரகப் பாதிப்பு குறைந்ததை ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. முழுக் காரணமும் நிறுவப்படும் முன்பே செய்யத்தக்கவை பல உள்ளன என்பதே இவை தரும் பாடம்.

உத்தானத்தில் அரசுகள் அசைந்தது மக்கள் நெருக்கியதால்தான். 2010 ஜூலை 14 அன்று, சோம்பேட்டாவின் ஈரநிலத்தில் அனல்மின் நிலையம் வருவதை எதிர்த்த மக்கள் மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியதில் இரு விவசாயிகள் உயிரிழந்தனர். அந்த மக்கள் பின்வாங்கவில்லை. அனல்மின் திட்டமே கைவிடப்பட்டது. நீரையும் நிலத்தையும் காக்கப் போராடிய அதே பகுதி, குடிநீருக்காகவும் மருத்துவத்துக்காகவும் இடைவிடாது குரல் கொடுத்தது. ஹிரமண்டலம் நீர்த்தேக்கத்திலிருந்து கிராமங்களுக்குக் குழாய்வழிக் குடிநீர் கொண்டுவரும் 700 கோடி ரூபாய்த் திட்டமும், பலாசாவில் 200 படுக்கைகள் கொண்ட சிறுநீரக மருத்துவமனையும் ஆராய்ச்சி மையமும் 2023 டிசம்பரில் தொடங்கிவைக்கப்பட்டன. டயாலிசிஸ் நோயாளிகளுக்கு மாதம் 10,000 ரூபாய் ஓய்வூதியத்தை ஆந்திர மாநில அரசு வழங்குகிறது. கட்சிகள் மாறி ஆட்சிக்கு வந்தபோதும் இதனைத் திரும்பப் பெறும் துணிவு எவருக்கும் வரவில்லை. முதல் மரணங்கள் கவனத்துக்கு வந்ததிலிருந்து இவை வந்து சேர ஒரு தலைமுறை கடந்தது என்பதையும் மறக்கலாகாது.

156 பயணங்களும் 200 ரூபாயும்

ஒன்றிய அரசின் டயாலிசிஸ் திட்டத்தால் ஏழைகளுக்குப் பயன் இல்லை என்று கூறுவது உண்மையாகாது. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோர்க்குக் கட்டணமின்றிக் கிடைக்கும் அமர்வுகள் பல உயிர்களை நீட்டித்துள்ளன. ஆனால் திட்டத்தின் கட்டமைப்பைப் பார்க்க வேண்டும். அது அரசு-தனியார் கூட்டு முறையில் வகுக்கப்பட்டது. இடம், மின்சாரம், தண்ணீர், மருந்து ஆகியவற்றை அரசு மருத்துவமனை தருகிறது. ஏழை நோயாளிக்கான கட்டணத்தையும் அரசே செலுத்துகிறது. இயந்திரமும் பணியாளரும் தனியார் நிறுவனத்தினுடையவை. நோயாளி பெருகப் பெருக வருவாய் பெருகும் ஏற்பாடு இது. நோயாளி உருவாகாமல் தடுப்பதில் லாபம் காணும் நிறுவனம் எதுவும் இல்லை. ஆகவே தடுப்புப் பணி அரசின் தோளில் மட்டுமே இருக்க முடியும். அந்தத் தோளைத்தான் அரசு விலக்கிக்கொள்கிறது.

இலவச அமர்வு என்பது இலவச மருத்துவம் ஆகிவிடாது. வாரம் மூன்று அமர்வுகள் என்றால் ஆண்டுக்கு 156 முறை மாவட்டத் தலைநகருக்குப் போய்வர வேண்டும். நடை தளர்ந்த முதியவர் தனியே போக இயலாது; மகனோ மருமகளோ உடன் செல்ல வேண்டும். அன்றைய கூலி இருவருக்கும் இல்லை. பேருந்துக் கட்டணம், ரத்தசோகைக்கான ஊசி, பரிசோதனைகள் ஆகியவை தனி. குடும்பங்களின் பயணச் செலவையும் கூலி இழப்பையும் 2016ஆம் ஆண்டின் நிதிநிலை உரையே ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டதற்கு ஈடாக எதுவும் வழங்கவில்லை.

வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள முதியவருக்கு இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத்தின்கீழ் ஒன்றிய அரசு தரும் பங்கு, 60 முதல் 79 வயது வரை மாதம் 200 ரூபாய். 2006இல் 75 ரூபாயிலிருந்து 200ஆக உயர்த்தப்பட்ட தொகை, அதன்பின் அசையவே இல்லை. ஆண்டுக்கு 2,400 ரூபாய். நிதியமைச்சரே சொன்ன கணக்கின்படி அது ஓர் அமர்வின் விலையைவிடச் சற்றே கூடுதல். 156 பயணங்களுக்குப் பிரித்தால் ஒரு பயணத்துக்கு 15 ரூபாய். ஒன்றிய அரசு இந்நாட்டின் முதிய உழைப்பாளியை எவ்வளவு மதிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் தேவையில்லை.

எழுபது வயதைக் கடந்த அனைவருக்கும் ஆயுஷ்மான் பாரத் காப்பீடு நீட்டிக்கப்பட்டதாக 2024 அக்டோபரில் விளம்பரங்கள் முழங்கின. குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் என்ற எண் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் அந்தக் காப்பீடு மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. சிறுநீரகத்தைக் காக்கும் ஆண்டுகளோ முழுக்க முழுக்கப் புறநோயாளியின் ஆண்டுகள்: அன்றாட மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. இவற்றை அந்த அட்டை தொடுவதில்லை. சிறுநீரகம் இருக்கும்வரை கைச்செலவு, போனபின் காப்பீடு என்பதே இந்த ஏற்பாட்டின் சாரம்.

பொதுச் சுகாதாரத்துக்கான அரசுச் செலவை 2025க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக உயர்த்துவதாக 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை உறுதியளித்தது. தேசிய சுகாதாரக் கணக்கின்படி, பெருந்தொற்றின் பாதிப்பு நீடித்த 2021-22ஆம் ஆண்டிலும் அது 1.84 சதவீதமே. அந்த ஆண்டு நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் 39.4 சதவீதம் மக்களின் சட்டைப்பையிலிருந்து நேரடியாகச் சென்றது.

மருந்து விலையில் உள்ள அரசியல்

சிறுநீரகச் சிதைவை மெதுவாக்கும் மருந்துகள் இன்று உண்டு. ரத்த அழுத்தத்துக்கான பழைய, மலிவான மருந்துகளில் ஒரு பிரிவு சிறுநீரகத்தையும் காக்கிறது. நீரிழிவுக்கென வந்த டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகியவை சிறுநீரகச் செயலிழப்பைத் தள்ளிப்போடுகின்றன என்பது பெரிய ஆய்வுகளில் நிறுவப்பட்டுள்ளது. 2025 மார்ச்சில் எம்பாகிளிஃப்ளோசினின் காப்புரிமை இந்தியாவில் முடிவுற்றதும் பல நிறுவனங்கள் அதனைத் தயாரிக்கத் தொடங்கின. ஏறத்தாழ 60 ரூபாய்க்கு விற்ற ஒரு மாத்திரை 10 ரூபாய் அளவுக்கும் அதற்குக் கீழும் இறங்கியது. மருந்து அதேதான், ஏகபோகம் மட்டுமே நீங்கியது.

2005ஆம் ஆண்டு காப்புரிமைத் திருத்தச் சட்டம் வந்தபோது, பழைய மருந்தில் சிறு மாற்றம் செய்து காப்புரிமையை நீட்டிப்பதைத் தடுக்கும் 3(டி) பிரிவு இடம்பெற்றதில் இடதுசாரிக் கட்சிகளின் பங்கு பதிவான வரலாறு. தடையற்ற வணிக ஒப்பந்தங்களின் வழியே அந்தப் பாதுகாப்பை அரித்துவிடும் முயற்சிகள் ஓயவில்லை. அவை கிராமத்து முதியவரின் மாத்திரைப் பெட்டி வரை வந்து தொடும். விலை இறங்கிய மருந்தையும் ஆரம்ப சுகாதார நிலையத்தின் இலவசப் பட்டியலில் சேர்க்காவிட்டால் அது ஏழைக்கு எட்டாது என்பதும் உண்மை.

டயாலிசிஸுக்கு அப்பால்

முதியவர்களைப் பொறுத்தவரை டயாலிசிஸ் எப்போதும் சரியான பதில் அல்ல. இதயமும் எலும்பும் தளர்ந்து, பல நோய்கள் சேர்ந்துள்ள எண்பது வயதினருக்கு வாரம் மூன்று நாள் இயந்திரத்தோடு இணைந்திருப்பது ஆயுளைப் பெரிதாக நீட்டாமல், மிஞ்சிய நாட்களை மருத்துவமனையிலேயே கழிக்கவைக்கலாம். டயாலிசிஸ் இன்றி மூச்சுத் திணறல், அரிப்பு, வலி ஆகியவற்றைத் தணித்து, வீட்டிலேயே கண்ணியத்துடன் பராமரிப்பதும் மருத்துவமே. ஆனால் தெரிவு செய்ய இரண்டு வழிகள் இருந்தால்தான் அதற்குத் தெரிவு என்று பெயர். வசதி உள்ளவர் மருத்துவரோடு பேசி முடிவெடுக்கிறார். ஏழை முதியவருக்குப் பேருந்துக் காசு முடிவெடுக்கிறது. ‘வயதாகிவிட்டது, விதி’ என்ற சொல் அந்த வர்க்க வேறுபாட்டை மூடி மறைக்கிறது.

மாற்றுச் சிறுநீரகத்திலும் இதே நிலைதான். இறந்தோரிடமிருந்து உறுப்பு பெறப் பதிவு செய்வதற்கான 65 வயது உச்சவரம்பு 2023இல் நீக்கப்பட்டது வரவேற்கத்தக்கது. பணமும் பராமரிப்பும் இல்லாதவருக்கு அந்தக் கதவு திறந்தும் மூடியே உள்ளது. பெண்களின் நிலை இன்னும் கீழே. 1995 முதல் 2021 வரை இந்தியாவில் நடந்த உறுப்பு மாற்று அறுவைகளில் உறுப்பைப் பெற்றவர்களில் ஐந்தில் நால்வர் ஆண்கள். உறுப்பைக் கொடுக்க முன்வந்த மனைவியரும் தாய்மாரும் நோயுற்றால், குடும்பத்தின் கடைசி ரூபாய் அவர்களுக்காகச் செலவிடப்படுவது அரிது.

மாற்று வழி கற்பனை அல்ல. கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி ஆட்சியில் 2008இல் வலிதணிப்புப் பராமரிப்புக்கான கொள்கை வகுக்கப்பட்டது. உள்ளாட்சி அமைப்புகளின் வழியே செவிலியர்கள் வீடு தேடிச் செல்லும் முறை வேரூன்றியது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நீரிழிவு, ரத்த அழுத்த மாத்திரைகளோடு, வயிற்றின் வழியே வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸுக்கான திரவப் பைகளையும் இல்லங்களுக்குக் கொண்டு சேர்க்கிறது. இவற்றை நாடு முழுமைக்கும் விரிவாக்க அறிவியல் தடை எதுவும் இல்லை. தடை நிதி ஒதுக்கீட்டில் உள்ளது. அதாவது அரசியலில் உள்ளது.

முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள்

நீரிழிவு, ரத்த அழுத்தம் உள்ள அனைவருக்கும், வெயிலில் உழைத்த அறுபது வயதைக் கடந்தோர்க்கும், ஆண்டுக்கு ஒருமுறை கிரியாட்டினின், சிறுநீர் அல்புமின் பரிசோதனைகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டணமின்றி நடைபெற வேண்டும். சிறுநீரகத்தைக் காக்கும் மருந்துகள் மாதந்தோறும் தட்டுப்பாடின்றிக் கிடைக்க வேண்டும். டயாலிசிஸ் சேவை வட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளில், நிரந்தரப் பணியாளர்களைக் கொண்டு, அரசாலேயே நடத்தப்பட வேண்டும். நோயாளிக்கும் உடன் வருபவருக்கும் பயணப்படி வேண்டும். முதியோர் ஓய்வூதியத்தில் ஒன்றிய அரசின் பங்கு வாழத்தக்க அளவுக்கு உயர்ந்து, விலைவாசியோடு இணைக்கப்பட வேண்டும். வயல், சூளை, கட்டுமானம், சாலைப் பணியிடங்களில் குடிநீர், நிழல், ஊதியத்துடன் கூடிய ஓய்வு நேரம், பெண்களுக்குக் கழிப்பறை ஆகியவை சட்டப்படி செயலாக்கப்பட வேண்டும். கழிப்பறை இல்லாததால் நாள் முழுதும் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்யும் பெண்ணின் சிறுநீரகம் எந்தப் புள்ளிவிவரத்திலும் இல்லை.

இவற்றில் எதுவும் தானாக வராது. உத்தானத்தில் வந்தது போல், கேட்டால்தான் வரும். சிறுநீரக நோயாளிகள் சிதறிக் கிடக்கிறார்கள். ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுத் துயரமாகவே அதைச் சுமக்கிறார்கள். விவசாயத் தொழிலாளர் சங்கமும், கட்டுமானத் தொழிலாளர் சங்கமும், மாதர், இளைஞர் அமைப்புகளும் அவர்களைக் கணக்கெடுத்து ஒன்றுசேர்க்க முடியும். அந்தந்த ஒன்றியத்தின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆய்வகப் பணியாளர் இருக்கிறாரா, எத்தனை மாதமாக மருந்து இல்லை, டயாலிசிஸ் காத்திருப்புப் பட்டியலில் எத்தனை பேர் என்ற விவரங்களைக் கட்சிக் கிளைகள் திரட்டினால், அதுவே கோரிக்கை மனுவின் முதல் பக்கம் ஆகும்.

2011ஆம் ஆண்டின் கணக்கெடுப்பிலேயே அறுபது வயதைக் கடந்தோர் 10 கோடிக்கும் மேல். இன்று அந்த எண்ணிக்கை இன்னும் பெரிது. அவர்களில் மிகப் பலர் அமைப்புசாரா உழைப்பில் உடலைத் தேய்த்தவர்கள். இந்நாட்டின் செல்வத்தை உருவாக்கிய உடல்கள் அவை. அவற்றின் பராமரிப்பை அரசிடம் கோருவது சலுகை கேட்பதாகாது. உழைப்பின் நிலுவையைக் கேட்பதாகும்.